முதியோர் எழுதும் தேர்வு: முறையாக அமைப்போம், அஞ்சாமல் எழுதுவோம்

(அனைத்துலக எழுத்தறிவு நாளையொட்டி, ரப்பர்த் தோட்டம் ஒன்றின் மண்டபத்தில், இரவு வகுப்பினர் முன்னிலையில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குச் சென்று, நெற்றி விளக்கின் ஒளியில் மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுப் பணிகளையும் முடித்துக்கொண்டு இம்மண்டபத்திற்கு வந்திருக்கின்றீர்கள். உங்கள் ஓய்வு நேரத்தின் அருமையை நாம் அறிவோம். ஆதலின் பேச வந்த பொருளுக்கு உடனே வருகின்றோம்.

வரும் மாசி மாதத்தில் இத்தோட்டத்து இரவு வகுப்பினர் முதன்முறையாகத் தேர்வு எழுதவிருக்கின்றனர். இச்செய்தி அறிவிக்கப்பட்ட பின்னர் வகுப்புக்கு வருவோர் தொகை குறைந்துவிட்டதாகக் கேள்வியுற்றோம். “படிக்கக் கூப்பிட்டீர்கள், வந்தோம், பரீட்சை என்றால் எங்களை விட்டுவிடுங்கள்” என்று சிலர் கூறினராம். “பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் தோற்று நிற்க வேண்டுமா?” என்று ஒரு தாயார் கேட்டாராம். இந்த அச்சம் நியாயமானதே. முறையின்றி நடத்தப்படும் தேர்வு, படிக்க வந்தவரைத் துரத்திவிடும். அதனை நாம் கண்ணாரக் கண்டிருக்கின்றோம்.

நாம் கண்ட ஒரு தேர்வு

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஆசிரியப் பயிற்சி முடித்த புதிதில், ஒரு தோட்டத்து இரவு வகுப்பில் நாம் கற்பித்து வந்தோம். இருபதுக்கும் மேற்பட்டோர் படித்தனர். ஆண்டு முடிவில் ஒரு தேர்வு வைக்க விரும்பினோம். சிறுவர் பாடநூலிலிருந்து வினாக்களை எடுத்தோம். சிறிய எழுத்தில் அச்சிட்ட தாள். இரண்டு மணி நேரம். அதுவும் சம்பள நாளின் இரவில். கோலிக்குண்டுகளைப் பங்கிடுவது பற்றியும், பள்ளிச் சுற்றுலா பற்றியும் வினாக்கள் இருந்தன.

அவ்வகுப்பில் நாற்பத்தைந்து வயதுடைய அம்மையார் ஒருவர் இருந்தார். தாம் வெட்டிய பாலின் எடையையும் ஒட்டுப்பாலின் எடையையும் மனக்கணக்காகவே கூட்டி, கிராணியார் எழுதுமுன் தொகையைச் சொல்லிவிடக் கூடியவர். அவர் அன்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர் ஒன்றும் எழுதாமலே கொண்டுவந்து கொடுத்தார். “ஐயா, இதில் என்ன கேட்டிருக்கிறது என்றே எனக்கு விளங்கவில்லை. என் பெயரை எடுத்துவிடுங்கள்” என்றார். அடுத்த வாரம் வகுப்புக்குப் பாதிப் பேரே வந்தனர். அந்த அம்மையார் வரவேயில்லை.

அன்று தவறியவர் அந்த அம்மையார் அல்லர். தேர்வைத் தயாரித்த நாமே. அவருக்குத் தெரிந்ததை நாம் கேட்கவில்லை. நாம் கேட்டதை அவருக்குக் கற்பிக்கவுமில்லை. அத்தவற்றினால் நாம் கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

தேர்வு எதற்காக?

“அப்படியாயின் தேர்வே வேண்டாமே” என்று கேட்கலாம். வேண்டும் என்பதே நம் கருத்து. கைநாட்டு வைத்து வந்தவர் கையொப்பமிடக் கற்றுக்கொண்டார் என்றால், அதனை அவரும் உறுதியாக அறிய வேண்டும். பிறரும் ஏற்க வேண்டும். ஆசிரியருக்கும் தேர்வு தேவை. வகுப்பில் எல்லாரும் தலையசைத்தால் எல்லாருக்கும் விளங்கிவிட்டது என்று அவர் எண்ணிக்கொள்வார். யாருக்கு எது விளங்கவில்லை என்பதைத் தேர்வே காட்டிக் கொடுக்கும்.

நம் நாட்டில் அரசாங்கம் முதியோர் கல்வி வகுப்புகளை 1961-ஆம் ஆண்டில் தொடங்கியது. யுனெஸ்கோ நிறுவனம் 1966-ஆம் ஆண்டில் செப்டம்பர் 8-ஆம் நாளை அனைத்துலக எழுத்தறிவு நாளாக அறிவித்தது. 1967 முதல் அந்நாள் கொண்டாடப்பட்டு வருகின்றது. அண்டை நாடான சிங்கப்பூர், தொடக்கக் கல்வியை முடிக்காத தொழிலாளர்களுக்காக ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்கும் அடிப்படைக் கல்வித் திட்டத்தை 1983-ஆம் ஆண்டில் தொடங்கியது. வேலை செய்துகொண்டே படிப்பது புதுமையன்று, நாணத்திற்குரியதும் அன்று.

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று ஒரு பழமொழி உண்டு. கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா என்னும் மூதாட்டியார் அப்பழமொழிக்கு விடையளித்துவிட்டார். பள்ளிக்கூடம் சென்றறியாதவர், கோயில்களில் கூட்டிப் பெருக்கி வாழ்ந்தவர். 2018-ஆம் ஆண்டில் தமது 96-ஆம் வயதில், அம்மாநில எழுத்தறிவு இயக்கம் நடத்திய தேர்வை எழுதி 100-க்கு 98 மதிப்பெண் பெற்றார். வாசிப்புக்கு 30, எழுத்துக்கு 40, கணக்குக்கு 30 என அத்தேர்வு பிரிக்கப்பட்டிருந்தது. வாசிப்பிலும் கணக்கிலும் அவர் முழு மதிப்பெண் பெற்றார்; எழுத்தில் மட்டும் இரண்டு குறைந்தது. 2020-ஆம் ஆண்டில் இந்தியக் குடியரசுத் தலைவர் கையால் விருதும் பெற்ற அவர், 2023-ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய ஊக்கம் பாராட்டுக்குரியது. அவருக்கென்று பொருத்தமாக ஒரு தேர்வை அமைத்தவர்களின் உழைப்பையும் நாம் மறத்தலாகாது.

எதைச் சோதிப்பது?

தேர்வைத் திட்டமிடுவோர் முதலில் வினாத்தாளை எழுதத் தொடங்கக் கூடாது. ஒரு தாளில் கட்டம் போட வேண்டும். இடப்பக்கம், இதுவரை நடத்திய பாடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுக. மேலே வாசிப்பு, எழுத்து, கணக்கு என மூன்று பிரிவுகளை எழுதுக. எந்தப் பாடத்திற்கு எத்தனை வாரம் செலவிட்டோமோ அதற்கேற்ப மதிப்பெண்ணைப் பங்கிடுக. கட்டத்தில் இல்லாதது வினாத்தாளிலும் இருத்தலாகாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதி அச்சம் நீங்கிவிடும்.

உங்கள் வகுப்பின் பாடங்களைப் பார்த்தோம். மூன்று பிரிவுகளுக்கும் ஏறத்தாழச் சம நேரம் தரப்பட்டுள்ளது. ஆகவே வாசிப்புக்கு 30, எழுத்துக்கு 30, கணக்குக்கு 30 என வைத்து, எஞ்சிய 10 மதிப்பெண்ணை ஆண்டு முழுவதும் செய்து வந்த பயிற்சி ஏட்டுக்குத் தரலாம். தென்னாப்பிரிக்கா 2008-ஆம் ஆண்டில் தொடங்கிய எழுத்தறிவு இயக்கத்தில், கற்பவர் வகுப்பிலேயே செய்யும் எழுத்துப் பயிற்சிகளும் கணக்குப் பயிற்சிகளும் ஓர் ஏட்டில் சேர்க்கப்பட்டு மதிப்பிடப்பட்டன. ஒரு நாள் தலைவலி, ஓராண்டு உழைப்பை அழித்துவிடக் கூடாது அன்றோ?

வினாக்கள் உங்கள் வாழ்விலிருந்து வர வேண்டும். சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாவது, அடையாள அட்டை. அதன் எண்ணில் 12 இலக்கங்கள் உள்ளன. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் காட்டும். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலத்தையோ நாட்டையோ குறிக்கும். கடைசி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். ஓர் எண்ணைக் கொடுத்து, “இவர் எந்த நாளில் பிறந்தவர்? ஆணா, பெண்ணா?” என்று கேட்கலாம். இதனைப் படிக்கத் தெரிந்தவர் எந்த அலுவலகத்திலும் தம் விவரம் சரியாகப் பதியப்பட்டுள்ளதா என்று தாமே பார்த்துக்கொள்வார்.

இரண்டாவது, சம்பளச் சீட்டு. “ஒருவரின் மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்கு அவர் பங்கு நூற்றுக்கு 11. பிடிக்கப்படும் தொகை எவ்வளவு?” விடை 187 ரிங்கிட். இக்கணக்கைச் செய்யத் தெரிந்தவரிடம் தவறாகப் பிடித்துவிட்டு யாரும் தப்ப இயலாது.

மூன்றாவது, பால் கணக்கு. “20 கிலோ பாலில் நூற்றுக்கு 35 பங்கு உலர் ரப்பர் உள்ளது. உலர் ரப்பர் எத்தனை கிலோ?” விடை 7 கிலோ. மரம் வெட்டுகிறவருக்கு இதைவிட நெருங்கிய கணக்கு வேறில்லை.

நான்காவது, படிவம். நாமா, தாரிக் லாஹிர், அலாமட், தண்டாதாங்ஙான் என்னும் மலாய்ச் சொற்களைக் கண்டதும், பெயர், பிறந்த தேதி, முகவரி, கையொப்பம் ஆகியவற்றை உரிய இடத்தில் எழுதத் தெரிய வேண்டும். இவற்றுடன் மருந்தகச் சீட்டில் “உணவுக்குப் பின், நாளுக்கு இருமுறை” என்றிருப்பதை வாசித்தலும், களைக்கொல்லிப் புட்டியின் எச்சரிக்கையை வாசித்தலும் சேரும்.

நாளும் நேரமும்

சம்பள நாளில் தேர்வு கூடாது. மழைக்காலத்திலும் கூடாது, மழையால் இழந்த வெட்டு நாள்களை ஈடுசெய்ய நீங்கள் ஓடிக்கொண்டிருப்பீர்கள். தீபாவளி, பொங்கல், தைப்பூசம் ஆகியவற்றை ஒட்டியும் கூடாது. மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும் மாசி மாதம் ஓரளவு பொருத்தமானது. அம்மாதத்தில் ஓர் ஓய்வு நாளின் காலை வேளையைத் தேர்ந்தெடுத்தல் நன்று. மரம் வெட்டிக் களைத்து வந்தவர் இரவில் எழுதும் தாள், அவருடைய களைப்பையே காட்டும், அறிவைக் காட்டாது.

மூன்று பிரிவுகளுக்கும் தனித்தனியே 45 நிமிடம் தரலாம். இடையில் 15 நிமிடம் ஓய்வு. தேநீர் வைத்திருத்தல் வேண்டும். சிறு குழந்தைகளுடைய தாய்மார்களுக்காக அன்று காலை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இருவரை முன்னரே ஏற்பாடு செய்துவிட வேண்டும். பிள்ளை அழும் ஓசை காதில் விழும்போது எந்தத் தாய்க்குக் கணக்கு வரும்?

மேசையும் விளக்கும் சிறு விஷயங்கள் அல்ல. நாற்பது வயதைக் கடந்தோர் பலருக்கு வெள்ளெழுத்து உண்டு. எழுத்துத் தெரியாமையும் கண் தெரியாமையும் வெளிப் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். தேர்வுக்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே எல்லாரும் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண்ணாடி தேவைப்படுவோர் கண்ணாடி அணிந்தே வகுப்புக்கு வாருங்கள்.

வினாத்தாள் தயாரித்தல்

எழுத்து பெரிதாக இருத்தல் வேண்டும். வரிகளுக்கிடையில் இடம் வேண்டும். விடையெழுதும் இடம் தாராளமாக இருக்க வேண்டும். உளி பிடித்துத் தழும்பேறிய விரல்கள் பெரிதாகவே எழுதும். ஒரு வினாவில் ஒன்றை மட்டுமே கேட்க வேண்டும். “இல்லை”, “அல்லாதது” என்று சுற்றி வளைத்துக் கேட்பது தகாது.

முதல் வினா எல்லாராலும் இயல்வதாக இருக்கட்டும். தம் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதுவதே போதும். அதனை எழுதி முடிப்பதற்குள் கை நடுக்கம் நின்றுவிடும். பின்னர் எளியது, நடுத்தரமானது, சற்றுக் கடினமானது என்ற வரிசையில் வினாக்கள் அமையட்டும். என்ன செய்ய வேண்டும் என்பதை மேற்பார்வையாளர் உரக்க வாசித்துச் சொல்ல வேண்டும். வாசிப்புப் பிரிவில் ஒரு பகுதியை வாய்மொழியாகவே வைக்கலாம். ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, ஓர் அறிவிப்பை வாசிக்கச் செய்து, அதன் பொருளைக் கேட்டால் போதும். ஆயினும் விடையைச் சொல்லிக் கொடுத்தல் அறவே கூடாது.

ஒரே சமயத்தில் இரண்டு வினாத்தாள்களைத் தயாரித்துவிடுங்கள். ஒன்று தேர்வு நாளுக்கு. மற்றது, நோயாலோ துக்கத்தாலோ வர இயலாதவர்க்கும் மீண்டும் எழுதுவோர்க்கும். இரண்டையும் உறையிலிட்டு ஒட்டிப் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். முதியோர்தாமே என்று இதில் அலட்சியம் காட்டினால், நாளை அவர்கள் பெறும் சான்றிதழையும் பிறர் அலட்சியமாகவே பார்ப்பர்.

ஒத்திகை

தேர்வுக்கு ஒரு மாதம் முன்னர், இதே மண்டபத்தில், இதே மேசைகளில் ஓர் ஒத்திகைத் தேர்வு நடத்துங்கள். அதற்கு மதிப்பெண் வேண்டாம். தாளை எப்படித் திருப்புவது, தெரியாத வினாவை விட்டு அடுத்ததற்கு எப்படிச் செல்வது, மணி ஒலித்தால் என்ன செய்வது என்பவை பழக்கமாகட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் இயல்பாகத் தெரியும். தேர்வுக்கூடத்தையே காணாதவர்க்கு இவையும் பாடங்களே. ஒத்திகையில் எல்லாரும் தவறவிடும் வினா இருந்தால், குறை வினாவிலோ கற்பித்ததிலோ உள்ளது. ஆசிரியர் அப்பாடத்தை மீண்டும் நடத்த வேண்டும்.

திருத்தலும் முடிவும்

தாளைத் திருத்துமுன், எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கில் வழி சரியாகவும் கடைசிக் கூட்டல் தவறாகவும் இருந்தால் எவ்வளவு தருவது? படிவத்தில் லகர ளகர ழகரங்கள் மாறி, பொருள் விளங்கினால் குறைப்பதா, விடுவதா? இவற்றை முன்னரே முடிவு செய்யாவிடில், காலையில் திருத்திய தாளுக்கு ஒரு நீதியும் மாலையில் திருத்திய தாளுக்கு வேறொரு நீதியும் ஆகிவிடும். ஒவ்வொரு தாளையும் இருவர் தனித்தனியே திருத்த வேண்டும். இருவருக்கும் ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபாடு வந்தால் மூன்றாமவர் பார்க்க வேண்டும். பெயரை மறைத்து எண்ணை மட்டும் இட்டால், உறவும் பகையும் குறுக்கே வாரா.

இரக்கப்பட்டு மதிப்பெண் போடுதலும் தீங்கே. புட்டியின் எச்சரிக்கையை வாசிக்க இயலாதவருக்கு “வாசிப்பார்” என்று சான்றிதழ் கொடுத்தால் அவரை ஆபத்துக்கு உள்ளாக்குகின்றோம்.

முடிவை எப்படி அறிவிப்பது? பெயர்ப் பட்டியலைப் பிரட்டுக்களத்துப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கின்றோம். ஒவ்வொருவரையும் அழைத்து, அவர் தாளை அவர்முன் விரித்து, “இவை உங்களுக்கு நன்றாக வருகின்றன, இது இன்னும் வர வேண்டும்” என்று சொல்லுங்கள். 2010-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் நடத்தப்பட்ட அடிப்படை எழுத்தறிவுத் தேர்வில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றுக்கும் 50 மதிப்பெண் இருந்தது. குறைந்த மதிப்பெண் பெற்றவரை அங்கே “தோற்றவர்” என்று எழுதவில்லை. “இன்னும் முன்னேற வேண்டும்” என்று குறித்து மறு வாய்ப்பு அளித்தனர். நாமும் அவ்வழியே செல்லலாம். வாசிப்பிலும் கணக்கிலும் தேறி எழுத்தில் மட்டும் குறைந்தவர், மூன்று மாதத்திற்குள் எழுத்தை மட்டும் மீண்டும் எழுதட்டும். தேறிய பகுதி தேறியதாகவே இருக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

தேர்வை அமைப்பவர் கடமைகளைச் சொன்னோம். எழுதப் போகும் உங்களுக்கும் சில சொற்கள். நாள்தோறும் பத்து நிமிடம் போதும். ஆனால் ஒரு நாளும் விடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டை உறையிலிருந்து எடுத்து, ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசியுங்கள். பால் நிறுத்ததும் எடையை ஒரு சிறு நோட்டில் நீங்களே குறித்து வையுங்கள். மாத முடிவில் கூட்டிப் பாருங்கள். இருவர் மூவராகச் சேர்ந்து படியுங்கள். விளங்காததை வெட்கமின்றிக் கேளுங்கள். பிள்ளைகளே, உங்கள் தாய் எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது சிரிக்காதீர்கள். நீங்கள் முதன்முதலில் நடந்தபோது எத்தனை முறை விழுந்தீர்கள் என்பதை அவர் அறிவார்.

நண்பர்களே, மரத்தைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வெட்டிய பட்டை பழுதாகாமல் காக்கப்பட்டால் மறுபட்டை வளர்கின்றது. அதிலும் பால் வருகின்றது. ஆழமாக வெட்டிக் காயப்படுத்தினால் முண்டும் முடிச்சுமாகிப் பயனற்றுப் போகின்றது. கைப்பக்குவத்தில்தான் எல்லாம் இருக்கின்றது. முதியோர் தேர்வும் அத்தகையதே.

வகுப்பை விட்டு நின்றுவிட்டோர் நாளை மறுநாளே திரும்பி வர வேண்டும் என்று அழைக்கின்றோம். இவ்வகுப்பின் இளைஞர்கள் நாளை மாலை கட்டம் போடத் தொடங்குகின்றனர். எந்தெந்தப் பாடம் உங்களுக்கு நன்கு விளங்கியது, எது விளங்கவில்லை என்பதை அவர்களிடம் மறையாமல் கூறுங்கள். உங்கள் தேர்வைத் திட்டமிடுவதில் உங்களுக்கும் பங்கு இருக்கட்டும். மாசி மாதத்துக் காலையில் இம்மண்டபத்தின் மேசைகள் யாவும் நிறைந்திருக்கக் காண வேண்டும் என்பதே நம் விருப்பம்.